தனியன் தாண்டினால் ஒரு புள்ளி

என்றும் மாறாத அன்புள்ள சீதேவிப்பிள்ளை அக்காவுக்கு,

கண்ணகை அம்மன் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். அதாவது, ஆஸ்பத்திரியில் இன்னும் ஒருவரும் படுக்கவில்லை. வட்ஸ்அப்பில் சொன்னால் இடையில் ஏசுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, இந்த வயதில், ஊரே பார்த்திருக்க, நான் இடுப்பில் சாரம் இல்லாமல் மருத மரத்தில் ஏறியிருந்தேன்.

மரத்தில் ஏறியதற்குக் காரணம் யானை. யானை வந்ததற்குக் காரணம் விளையாட்டு. கதிர் முற்றினால் வரும் அந்தத் தனியன் யானையை நாம் வெடி கொளுத்தி வாய்க்காலுக்கு அப்பால் துரத்துவதும், அக்கரை வயல் வட்டைக்காரர் தகரம் தட்டித் திருப்பி அனுப்புவதும், பிறகு இரண்டு பகுதியும் அடிபடுவதும் நீங்கள் அறிந்ததே. இந்த வருடம் நாகரிகம் அடைந்துவிட்டோம். யானை வாய்க்காலைத் தாண்டினால் துரத்தியவர்களுக்கு ஒரு புள்ளி. பொழுதுபடும்போது யாருடைய வட்டையில் நிற்கிறதோ, அவர்களுக்குத் தோல்வி. பக்கச்சார்பு வேண்டாமென்று நடுவராக டவுனிலிருந்து நெவிலைக் கூட்டிவந்தோம். யானையைக் கண்டதும் மனிதர் விசிலை விழுங்கப் பார்த்தார். அக்கரைக்குத் தலைவர் உதயரூபன். நமக்கு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, உங்கள் தம்பி. யானை கரையேறும் இடம் உங்கள் சீதன வயலின் ஓரம் என்பதால் என்னை மறிக்க விட்டார்கள்.

வீட்டில் கேதீஸ்வரி அன்று காலையே சொன்னாள்: "வேணாங்க. மச்சாள் வைகாசியில அம்மன்ட குளிர்த்திச் சடங்குக்கு வந்து பொங்கிறதுக்கு நேர்ந்த நெல்லு நிக்கிது. மறுகா இருந்து அழப்படாது." நான் கேட்டேனா?

ஆளுக்கு இரண்டு புள்ளி. யானை நடு வாய்க்காலில் நின்று தண்ணீர் குடிக்கிறது. அக்கரையில் தகரம் முழங்க, அது என் பக்கம் தும்பிக்கையை நீட்டியது. "தலைவரே, சாரத்தக் கழட்டி ஆட்டுங்க!" என்றது சனம். மக்கள் கட்டளை, ஆட்டினேன். யானை அதை மெதுவாக வாங்கித் தன் தலையில் போட்டுக்கொண்டது. ஒலிபெருக்கியில் நெவில், "யானை தலைவர்ட சாரத்தப் பறிச்சிட்டுது, இதுக்கு விதி என்ன?" என்று கேட்டபோது நான் மரத்தில் பாதி உயரத்தில்.

"மச்சான், எறங்குடா, அது கிறுகிப் போயிட்டுது!" என்று உதயரூபன் அக்கரையிலிருந்து கத்தினான்.

"நீ ஒரு சாரத்தக் கொண்டா, எறங்கிறன்!"

சாரம் வந்து இறங்கினால், அக்கா, எப்படி எழுதுவேன், உங்கள் வயல் விரித்த பாயாகக் கிடந்தது. சேறும் வைக்கோலும் ஒன்றாகி, அறுக்க ஒரு கதிர் நிமிர்ந்து நிற்கவில்லை. பாழாய்ப்போன யானை! வாயில்லாச் சீவனிடம் யார் நியாயம் கேட்பது? கடை அரிசியில் பொங்கினால் அம்மன் பொறுப்பாளா? அம்மன் பொறுத்தாலும் நீங்கள் பொறுப்பீர்களா? மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. முடிந்தால் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாமாங்கப் பிள்ளையார் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறையப் பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட தம்பி
சீனித்தம்பி

பி.கு: நட்டஈடு கேட்டு எழுதியதால் வனசீவராசித் திணைக்களக்காரர் வந்து வயலைச் சுற்றிப் பார்த்தார். யானை உங்கள் வயலுக்குள் கால் வைக்கவே இல்லையாம். வயல் முழுக்கக் கிடப்பது சனத்தின் செருப்புத் தடங்கள்.