நான் விசும்பவில்லை, மச்சான்

அன்பு மச்சான் தீர்த்தகிரிக்கு, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மாமன் மாதவராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் மாடும் சௌக்கியம். அரூரில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்கத் தீர்த்தமலையான் துணை. போனில் பேசினால் உன் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு வருவாள், அதனால் கடிதம்.

கலைமதி கல்யாணத்தன்று "மாமா விசும்பறாரு பாருங்க" என்று கத்தினாயே, அது என்ன பேச்சு? பொண்ணை அனுப்பும்போது வண்டி ஊர் எல்லைக் கல்லைத் தாண்டும்வரை அப்பன் கண்ணில் சொட்டு விழக்கூடாது, விழுந்தால் பொண்ணு போன இடத்தில் நிலைக்கமாட்டாள் என்பது நம் வகையறா வழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கார் கல்லைத் தாண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். அதுக்கப்புறம் நான் என்ன பண்ணினா உனக்கென்ன? போன் சார்ஜரைக் காணோம்னு அவ காரைத் திருப்பிக்கிட்டு வர, சரியாக அந்த நேரம் பார்த்து நீ கத்தினாய். சம்பந்தியம்மா கண்ணம்மாள் காரிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

விசும்பல்னா என்னன்னு தெரியுமா உனக்கு? வாயை இறுக்க மூடி, சத்தத்தைத் தொண்டையிலேயே அமுக்கி, மூச்சு விட்டு விட்டு இழுக்க, தோள் மட்டும் தூக்கித் தூக்கிப் போடும். கார் உறுமுற இடத்துல அது உனக்கு எப்படிடா கேட்டது? எங்கப்பா எருது செத்தப்ப ஊரே கேக்க அழுதாரு. நாங்க அழுதா அப்படித்தான் அழுவோம். ஒளிஞ்சு நின்னு பச்சப்புள்ளையாட்டம் விசும்பறதெல்லாம் எங்க வூட்டுப் பழக்கம் இல்ல.

இப்ப என்ன ஆச்சு பாரு. மாப்பிள்ளைக்கு ஓசூர்ல வேலை, திங்கக்கிழமை குடித்தனம் போகணும். இவ "அப்பா விசும்பினாரே, பத்து நாள் அவர்கூட இருந்துட்டுப் போறேன்"ங்கறா. சம்பந்தியம்மா "எல்லை தாண்டறதுக்கு முந்தியே அழுதுட்டாரா?"ன்னு கேக்கறாங்க. என் புள்ள வாழ்க்கைடா இது. நாளைக்கே அவங்க வூட்டுக்குப் போயி, மாமா சளி பிடிச்சு மூக்கைத்தான் சிந்தினாருன்னு சொல்லிட்டு வா. நான் விசும்பல. தீர்த்தமலைப் படியில நின்னு கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மாமன்
மாதவராஜ்

பின்குறிப்பு: இதோடு பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் இருப்பது கலைமதியின் சார்ஜர். வூடு பூரா அவ தேடினப்ப அது என் சட்டைப் பையில இருந்தது. அவ பெட்டியிலிருந்து எடுத்தது நான்தான். கல்லைத் தாண்டினப்புறம் ஒரே ஒரு தடவை திரும்பி வரட்டுமேன்னு. ஓசூர் போனப்புறம் குடு. எங்க கிடைச்சுதுன்னு மட்டும் சொல்லிடாதே.