ஆற்றைத் தேர்தலில் நிறுத்திய கதை

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்கு அந்த ஒரு நொடி மட்டும் எப்போதும் கையில் இருந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் சாப்பாட்டுக்கு மட்டும் ஆஜராகிக்கொண்டிருந்தேன். அப்பா கெடு வைத்துவிட்டார். சித்திரைக்குள் வேலை கிடைக்காவிட்டால் வரதராஜன்பேட்டையில் மாமாவின் முந்திரிக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். கொட்டை உடைத்தால் ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டுக் கையெல்லாம் கறுத்துத் தோல் உரியும். (மாமாவின் கையைப் பார்த்தால் பூதம் ஆசீர்வாதம் பண்ண வருவது போலவே இருக்கும்.) பட்டதாரிக் கைக்கு அந்தக் கதியா என்று நினைத்தபோதுதான் அரியலூரில் ஒரு டுடோரியலுக்கு இங்கிலீஷ் வாத்தியார் தேவை என்று தெரிந்தது.

டுடோரியல் என்றால் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே கீற்றுக் கொட்டகை. பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் இருபது பேர் அங்கே படித்தார்கள். தன்னைத் தானே பிரின்ஸ்பாலாக நியமித்துக்கொண்ட முதலாளி, வரும் சனிக்கிழமை ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார். பையன்களுக்குப் பிடித்தால் வேலை.

எனக்கோ இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அதனால் மொத்த இங்கிலீஷையும் படிப்பதை விட ஒரே ஒரு வார்த்தையை முழுசாகப் படித்துக்கொண்டு போய் அசத்திவிடலாம் என்று திட்டம் போட்டேன். அகராதியைப் புரட்டியதில் ‘ரன்’ என்ற வார்த்தை மாட்டியது. மூன்றே எழுத்து, ஆனால் பக்கம் பக்கமாக அர்த்தம். அதிலிருந்து இருபத்து நாலைப் பொறுக்கினேன்.

எனக்கு மனப்பாடம் செய்யத் தெரிந்த வழி ஒன்றுதான். பெருக்கல் வாய்ப்பாட்டை எப்படிப் படித்தேனோ அதே ராகத்தில், அதே தலையாட்டலோடு இதையும் உருப்போட்டேன். ஒண்ணு ஓடு, ரெண்டு மூக்கு ஒழுகு, மூணு கடை நடத்து, நாலு தேர்தல்ல நில்லு, அஞ்சு சாயம் போ... இப்படி ஏரிக்கரையில் ஒரு வாரம் நடந்து நடந்து படித்தேன். பாதி வாய்ப்பாடு எங்கள் ஊர் எருமைகளுக்கே தெரியும்.

சனிக்கிழமை போர்டில் ‘ரன்’ என்று எழுதி, இருபத்து நாலையும் மூச்சு விடாமல் பாடினேன். வகுப்பையும் மூன்று தடவை கூடவே பாட வைத்தேன். ஒரே குதூகலம். ஜன்னலுக்கு வெளியே நின்ற முதலாளி புன்னகையோடு தலையாட்டினார். அத்தோடு சாக்பீஸைக் கீழே வைத்திருந்தால் இன்றைக்கு நான் ரிட்டையர்டு வாத்தியார்.

வைக்கவில்லை. “எந்த வாக்கியம் வேணும்னாலும் கேளுங்க, அதுல ரன்னுக்கு என்ன அர்த்தம்னு டக்குன்னு சொல்றேன்” என்றேன்.

முதல் பெஞ்சில் ஒருவன், பையன் ஓடுகிறான் என்பதை இங்கிலீஷில் சொன்னான். ஓடு, ஒன்றாம் நம்பர். கைதட்டல்.

அடுத்து செல்வராசு எழுந்தார். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் கண்டக்டர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டிக்கெட் செக்கராக வேண்டுமானால் பத்தாவது பாஸ் பண்ணியாக வேண்டும். இங்கிலீஷ் மட்டும் நாலு முறை அவரை வழியிலேயே இறக்கிவிட்டிருந்தது.

“சார், போன பரிட்சையில என்னைக் கவுத்த கேள்வி சார் இது. தி ரிவர் ரன்ஸ் டிரை.”

வாய்ப்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. ஏழெட்டு என்ன என்று கேட்டால், ஓரெட்டிலிருந்து ஏறி வந்தால்தான் பதில் கிடைக்கும். எனக்கு ரன்னும் அப்படித்தான். உதடு அசைவது தெரியக் கூடாதென்று போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு முணுமுணுக்க ஆரம்பித்தேன். ஒண்ணு ஓடு, ரெண்டு மூக்கு ஒழுகு...

சார் மறுபடி பாடச் சொல்கிறார் என்று வகுப்பு நினைத்துவிட்டது. இருபது தொண்டையும் சேர்ந்துகொண்டது. நான் ஏழில் இருக்கும்போது அவர்கள் பதினொன்றில் இருந்தார்கள். நான் அவர்களைத் துரத்த, அவர்கள் இருபத்து நாலைத் தொட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க, நானும் எந்த நம்பரில் இருக்கிறேன் என்று தெரியாமல் அவர்களோடு இழுபட்டேன். கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் பஜனை என்று நினைத்து மேலே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

முதலாளி உள்ளே வந்து மேஜையைத் தட்டினார். கப்சிப். “அவரு கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க தம்பி” என்றார்.

என் வாய் அந்த நேரம் நாலாம் நம்பரில் நின்றிருந்தது. நின்ற இடத்திலேயே இறங்கிவிட்டேன்.

“ஆறு தேர்தல்ல நிக்குது.”

கடைசி பெஞ்சில் திருமழபாடிக்காரன் ஒருவன் ரொம்ப மரியாதையாகக் கேட்டான். “எங்கூரு கொள்ளிடமா சார்? எந்தச் சின்னம்?”

செல்வராசு மட்டும் சிரிக்கவில்லை. “சார், டிரைன்னா காஞ்சு போனதுன்னு எனக்கே தெரியும். அப்ப ஆறு வத்திப் போச்சுன்னு வருமோ?” என்றார். வற்றிப் போ, பதினேழாம் நம்பர். அவர் ஒன்றிலிருந்து ஏறி வரவில்லை, பக்கத்து வார்த்தையைப் பார்த்து நேராகப் போய் இறங்கிவிட்டார்.

முதலாளி என்னை வெளியே கூட்டிப் போய்த் தோளில் கை போட்டார். “பாட்டு நல்லாருக்கு தம்பி. ஆனா பரிட்சை ஹால்ல பாட விடமாட்டாங்க.”

சித்திரை பிறந்ததும் வரதராஜன்பேட்டைக்குப் போனேன். கை கறுத்தது, தோல் உரிந்தது. செல்வராசு அந்த முறை பாஸ் பண்ணிவிட்டார். அந்த நன்றியிலோ என்னவோ, தன் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் என் கதையைச் சொன்னார். அப்படி ஏறியவர்களில் ஒருவர், பெண் கொடுப்பதற்கு முன்னால் என்னைப் பற்றி விசாரிக்க அரும்பாவூரிலிருந்து வந்த என் மாமனார். அக்கம்பக்கத்தில் கேட்பதை விடக் கண்டக்டரிடம் கேட்டால் உண்மை வரும் என்பது அவர் நம்பிக்கை. வந்தது.

பெண் பார்க்கப் போன அன்று சம்பளத்தைக் கேட்பார், நிலத்தைக் கேட்பார் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மாப்ள, இனிமே இங்கிலீஷ் பேச மாட்டீங்கள்ல?”

கதவுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்து, சிரிப்பை அடக்க இருமி, இருமலை அடக்க முடியாமல் கொல்லைப்புறம் போனாள். “பேச மாட்டேங்க” என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம்.

மாமனார் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. போன வாரம் இருட்டில் தெரியாமல் என் மனைவியின் காலை மிதித்துவிட்டேன். பதறிப் போய் “ஸாரிம்மா” என்றேன்.

காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “வலி பரவால்லங்க. எங்கப்பாகிட்ட குடுத்த வாக்குதான் போச்சு.”