பொறுப்பான ஒருவர் வண்டியில் இருக்கவும்

நாற்பத்தைந்து வயது முடிந்த அன்று அருணகிரி ஒரு முடிவுக்கு வந்தார். சாவதற்குள் ஒரே ஒரு பயணமாவது தன் இஷ்டத்துக்குப் போய்விட வேண்டும். ஒன்று போதும். இரண்டாவதாக ஒன்று கேட்கிற அளவுக்கு அவர் பேராசைக்காரர் இல்லை.

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவர் போய்வந்த ஊர்களின் பட்டியல் ரொம்பச் சின்னது. திருப்பதி, மொட்டை போட. திருத்தணி, மறுபடியும் மொட்டை போட. திருக்கழுக்குன்றம், மாமனார் வீடு. அங்கே தலைமுடிக்குச் சேதமில்லை, மற்றபடி அதே கதைதான். பக்கத்தில் இருக்கிற மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால்கூட, "அலைல கால வெக்காதீங்க, சளி புடிக்கும்" என்று மனைவி ரேணுகா ஒரு பொட்டலம் சுண்டலோடு திருப்பிக் கூட்டிவந்து விடுவாள்.

இந்த மனுஷனின் மண்டைக்குள் பெங்களூரை நட்டு வைத்தவன் லட்சுமணன். பால்ய சிநேகிதன். சிறுசேரி கம்ப்யூட்டர் ஆபீஸ்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுகிறான். பின்சீட்டில் பையன்கள் பேசுகிற உலக விஷயமெல்லாம் அவன் காதில் விழும். அதில் ஒன்றைக் கொண்டுவந்து அருணகிரியின் காதில் போட்டான்.

"மச்சான், பெங்களூர்ல ஒரு ஓட்டல்காரன் சொந்தமா பீரு காச்சுறானாம். பாட்டில்ல வராதாம். கண்ணாடிக்கு அந்தாண்ட பெரிய பெரிய செப்பு அண்டா. கோதும பீரு. மோந்து பாத்தா ஆரஞ்சுத் தோலு வாசன வருதாம்."

"ஆரஞ்சுத் தோலா?"

"அங்க போனாத்தான் கெடைக்கும். அங்கயே குடிக்கணும். அவ்ளோதான்."

அருணகிரி குடிகாரர் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, யாராவது ரிட்டையர் ஆனால், சூடேறிப்போன அரை பாட்டிலை மறைந்து நின்று விழுங்குகிற ஆள். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் செப்பு அண்டா வந்தது.

அணுபுரத்தில் குடியிருப்பு, பக்கத்து அணுமின் நிலையத்தில் பராமரிப்புத் திட்டப் பிரிவில் உத்தியோகம். வருஷத்துக்கு ஒரு முறை இயந்திரங்களை நிறுத்திப் பிரித்துப் பூட்டுவார்கள். எந்தத் திருகை எந்த ஆள் எத்தனை மணிக்குக் கழற்ற வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதிக் கொடுப்பது அருணகிரி. அப்படிப்பட்டவர் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டால் எப்படி இருக்கும்? மூன்று பக்கம். கம்ப்யூட்டரில் அடித்தது. எந்த இடம், எத்தனை நிமிஷம், எங்கே நல்ல கழிப்பறை, யாருக்குப் போன் பண்ணிக் கேட்பது, எல்லாம் கட்டத்துக்குள். நடுவே அந்த ஓட்டல், லேசாக முக்காடு போட்டுக்கொண்டு.

ரேணுகா அதை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, மூணு பக்கத்துக்கு?"

"பெங்களூரு. நீயும் நானும். லட்சுமணன் வண்டி. ரெண்டு நாளு."

"இன்னா திடீர்னு?"

"நீயும் பாவம், ஒழச்சிகினே கீற. ஒரு மாறுதல் வேணாமா?"

கேட்காமலே கொசுறு போடுகிற காய்க்காரரைப் பார்ப்பதுபோல் ரேணுகா அவரைப் பார்த்தாள். பிறகு விரல் வைத்துப் படித்தாள்.

"லால்பாக்கு, சரி. நந்தி கோயிலு, சரி. இது இன்னா, ரெண்டாம் நாளு மூணரைலருந்து ஆறு வரைக்கும்? 'தானியம் பதப்படுத்தும் ஆலை. தொழில்நுட்பப் பார்வை.' ராஜா அரமனைக்கே நாப்பது நிமிசம்தான் போட்டுக்கீறீங்க. இதுக்கு ரெண்டர மணி நேரமா?"

"பெரிய ஆலை, ரேணு."

"இன்னா தானியம்?"

"பார்லி, கோதும. மொளகட்டி, காயவச்சி, வறுத்து, தண்ணில போட்டுக் காச்சி..."

"காச்சி?"

"காச்சி... வடிகட்டி." அருணகிரி அங்கேயே நிறுத்திக்கொண்டார். இதுவரை ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"மொளகட்டியா வறுக்கிறாங்க?" என்றாள் ரேணுகா. அவள் கண் விரிந்தது. அதை அப்போதே அவர் கவனித்திருக்க வேண்டும். அவரோ கடைசி அடிக்குறிப்பை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்ற கவலையில் இருந்தார். அவள் அதையும் உரக்கப் படித்தாள்.

"'உள்ளே தரை வழுக்கும், ஆவி அடிக்கும். ஆதலால் பொறுப்பான ஒருவர் (திருமதி ரேணுகா) வண்டியில் இருக்கவும்.' நா வண்டிலயே குந்திகினு இருக்கணுமா?"

"பையெல்லாம் பாத்துக்கணும்ல? உன்ன வுட்டா பொறுப்பான ஆளு யாரு கீறாங்க?"

ரேணுகா தாளை மடித்து அரிசி டப்பாவின் மேல் வைத்தாள். மௌனம் சம்மதம் என்று அருணகிரி எடுத்துக்கொண்டார். பதினெட்டு வருஷம் கூடக் குப்பை கொட்டியும் அவருக்கு இவ்வளவுதான் புரிந்திருந்தது, பாவம்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தால் வாசலில் செருப்புக் கடை. உள்ளே மகளிர் சுய உதவிக் குழு முழுசாக உட்கார்ந்திருந்தது. கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, அரைத்துச் சத்துமாவு போடுகிற குழு. ரேணுகாதான் செயலாளர். அவளைச் சேர்த்துப் பதினெட்டுப் பேர். ஒவ்வொருவர் கையிலும் அவருடைய திட்டத்தின் ஜெராக்ஸ்.

தலைவி சந்திரம்மா எழுந்து வந்து அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"எங்கூட்டுக்காரரு முப்பது வருசம் ஊர் ஊராக் கூட்டிகினு போனாரு தம்பி. ஒரு ஊர்லயும் கக்கூசு எங்க கீதுனு அவருக்குத் தெரியாது. நீ நிமிசக் கணக்கு போட்டு எழுதி வச்சிக்கீற. மகராசனா இருப்ப. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கெழம எல்லாரும் கெளம்பறோம்."

அருணகிரி மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார்.

"ரேணு! இது நாம ரெண்டு பேரு போற டூரு!"

"நாங்க மொளகட்டற ராகி மழ நாள்ல பூஞ்ச புடிச்சிப் போவுது. அவங்க எப்படிக் காயவெக்கிறாங்கனு பாத்தா எவ்ளோ ஒதவி! எனக்காக நீங்களே தேடிக் கண்டுபுடிச்சிக்கீறீங்க. நா உங்கள எப்பயாச்சும் மெச்சிக்கீறனா? இன்னிக்கு மெச்சறேன்."

"அங்க... பொம்பளைங்கள வுட மாட்டாங்க."

"போன் பண்ணிக் கேட்டுட்டனே. தாராளமா வாங்கனு சொன்னாரு."

"நம்பரு ஏது?"

"மூணாம் பக்கத்துல நீங்கதான போட்டுக்கீறீங்க, 'தொடர்பு எண்'ணுனு கட்டம் கட்டி."

அருணகிரி குரலைத் தாழ்த்தினார். "போன்ல... இன்னா சொன்னாரு?"

"தானியம் பதப்படுத்தற ஆலைதானனு கேட்டேன். கொஞ்ச நேரம் சிரிச்சிகினே இருந்தாரு. அப்புறம், ஆமாம்மானு சொன்னாரு."

அது பீர் காய்ச்சுகிற இடம் என்று சொன்னால் இப்போதே தொலைந்தார். சொல்லாவிட்டால் அங்கே போய்த் தொலைவார். இருதலைக்கொள்ளி எறும்பாக நின்றார். பதினெட்டுப் பெண்கள், அதிலும் போன வருஷம் ஊர்ச் சாராயக் கடைக்கு எதிரே மூன்று நாள் உட்கார்ந்து அதை மூட வைத்தவர்கள். மனுஷனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

லட்சுமணன் மட்டும்தான் தைரியம் சொன்னான். "இருவது சீட்டு வேன் எட்தாறேன். கூட்டத்தோட கூட்டமா உள்ள பூந்துடலாம். அவங்க அண்டாவப் பாக்கட்டும், நீ மூலைல நின்னு ஒரு கிளாசு அடி. யாரு கண்டா?"

அந்த ஒரு கிளாஸை நம்பித்தான் அருணகிரி வேனில் ஏறினார்.

இரண்டு நாளும் அவர் பட்ட பாட்டை நாய் படாது. கழுத்தில் விசில், கையில் பட்டியல். லால்பாக்கில் பதினேழு பேர்தான் தேறினார்கள். மீதி ஒருத்தி பூச்செடியில் விதை பறித்துக்கொண்டிருந்தாள். அரண்மனையில் பத்தொன்பது பேர் ஆனார்கள். அதிகப்படியான அம்மாள் சேலத்துப் பஸ்ஸைத் தேடி அழுதாள். அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தால், "தம்பி, ஒம்போது நிமிசம் லேட்டு" என்று சந்திரம்மா ஜெராக்ஸைக் காட்டினாள். அருணகிரி பல்லைக் கடித்தார். ஒரு கிளாஸ், ஒரே கிளாஸ் என்று மனசுக்குள் ஜபித்தார்.

இரண்டாம் நாள் மூன்றரைக்கு வேன் அந்த ஓட்டல் வாசலில் நின்றது. கண்ணாடிச் சுவர். உள்ளே செப்பு அண்டாக்கள். லட்சுமணன் சொன்னது அத்தனையும் உண்மை. அருணகிரி விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் எறங்குங்க. தரை வழுக்கும், பாத்து" என்றாள் ரேணுகா. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க எங்க போறீங்க?"

தாளை நீட்டினாள். அடிக்குறிப்பு அப்படியே இருந்தது. அடைப்புக்குறிக்குள் மட்டும் 'திருமதி ரேணுகா'வை நீல பால்பாயிண்ட் பேனாவால் அடித்துவிட்டு, 'திரு. அருணகிரி' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

"இன்னா இது? நாந்தான பிளானு போட்டவன்!"

"அதான். உங்கள வுட்டா பொறுப்பான ஆளு யாரு கீறாங்க?"

"வேன் கதவு வேற பூட்டிக்க மாட்டேங்குது தம்பி. எங்கைப்பைய கண்ணுல வச்சிக்க" என்று சந்திரம்மா பையை அவர் மடியில் போட்டாள். அதைத் தொடர்ந்து பதினேழு பைகள் வந்து விழுந்தன.

அருணகிரி லட்சுமணனைப் பார்த்தார். லட்சுமணன் தரையைப் பார்த்தான்.

"மச்சான், கூட்டம் கூட்டியாந்த டிரைவருக்கு உள்ள சாப்பாடு ஃப்ரீயாம்."

"பாவி! என்ன வுட்டுட்டா போற?"

"பிரியாணி, மச்சான்" என்று சொல்லிவிட்டு அவனும் போய்விட்டான்.

ஜன்னல் வழியாக வாசனை வந்தது. வேகிற தானியத்தின் வாசனை, அதற்குள் மெல்லியதாக இன்னொன்று. முப்பதடி தூரம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாடி வைத்த ஓட்டல்காரர் கைகட்டி நின்று ரேணுகா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அருணகிரி சீட்டை விட்டு எழுந்தார். என்ன ஆனால் ஆகட்டும் என்று பைகளைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு இறங்கி ஓடினார். கதவில் கை வைத்தாயிற்று. பின்னால் விசில் சத்தம்.

"ஏன்ரீ, காடி தெகீரி!"

போக்குவரத்துப் போலீஸ்காரர். வேனைச் சுற்றி வந்து, வண்டியை எடுக்கச் சொல்லி லத்தியால் தட்டினார். அருணகிரிக்குக் கன்னடம் தெரியாது. வண்டி ஓட்டவும் தெரியாது. கும்பிட மட்டும் தெரியும். கும்பிட்டுக்கொண்டே திரும்பி வந்து வேனில் உட்கார்ந்தார். ஆறு மணிவரை பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் வர, இவர் கும்பிட, இப்படியே போனது.

ஆறு மணிக்குப் பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"ராகிய எப்படி மொளகட்டணும்னு நாங்கதான் சொல்லிக் குடுத்தோம் தம்பி. அந்தத் தாடிக்காரரு நோட்டு போட்டு எழுதிகினாரு" என்றாள் சந்திரம்மா. "ஈஸ்டு போடறதுக்கு முன்னாடி வடிச்ச இனிப்புத் தண்ணி, ஆளுக்கு ரெண்டு தம்ளர் குடுத்தாரு. அமிர்தம்!"

ரேணுகா கடைசியாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலுதட்டில் வெள்ளையாக ஏதோ நுரை. முந்தானையால் ஒற்றிக்கொண்டாள்.

"நீயும்... இனிப்புத் தண்ணிதான?" என்றார் அருணகிரி.

"செயலாளருனு ஒருத்தி இருந்தா முழுசாத் தெரிஞ்சிக்க வேணாமா? முடிச்ச சரக்குல எனக்கு ஒரு தம்ளர் குடுத்தாரு."

"எப்படி... கீது?"

"ஆரஞ்சுத் தோலு வாசன வரும்னு அன்னிக்குப் போன்லயே சொன்னாரு. எனக்கென்னமோ கொத்தமல்லி வெததான் தூக்கலாத் தெரிஞ்சிது. ஜில்லுனு நல்லாத்தாங்க இருந்துது."

அருணகிரி அவள் பக்கம் திரும்பினார். "அப்போ அன்னிலருந்து உனக்குத் தெரியும்."

"தானியம்தான பதப்படுத்தறாங்க? நீங்க ஒண்ணும் பொய் சொல்லலியே."

அந்த நேரத்தில் லட்சுமணன் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிவந்து அருணகிரியின் மடியில் வைத்தான். வெதுவெதுவென்று ஈரமாக இருந்தது. தாடிக்காரர் அன்பாகக் கொடுத்தனுப்பியது. அருணகிரிக்குள் செத்துப்போன ஆசை எங்கோ ஒரு மூலையில் கண் திறந்தது.

வேன் கிளம்பியது. ஓசூர் தாண்டுவதற்குள் ரேணுகா அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அருணகிரி ஓசைப்படாமல் சாக்கின் வாயை அவிழ்த்தார். காய்ச்சி வடித்தெடுத்த பார்லிச் சக்கை. முகத்தை உள்ளே கொண்டுபோய் ஆழமாக மூச்சை இழுத்தார். வாசனை இருந்தது. ஒரு பிடி அள்ளினார்.

ரேணுகா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "மோந்துகினு வேணா வாங்க. தின்னுடாதீங்க, அது எங்கப்பா வூட்டு மாட்டுக்கு."