முகம் வாடாத ஆராய்ச்சி

மனிதகுலம் இனி இழுப்பின்றி மூச்சுவிடப் போகிறதென்றால், அதற்கு நானும் ஒரு காரணம். என் பங்கு சிறியதுதான் என்று சொல்லிக்கொள்ளும் தன்னடக்கமும் என்னிடம் உண்டு.

ஆஸ்துமாவுக்கான புது மருந்தின் ஆய்வில் என்னைப் 'பங்கேற்பாளர் ஏழு' ஆக்கினார்கள். நாற்பது வருட இழுப்புக்குக் கிடைத்த முதல் பதவி. தினமும் மருந்தை உறிஞ்சி, கருவியில் ஊதி, முள் காட்டும் எண்ணையும் இரவு தூங்கிய விதத்தையும் நாட்குறிப்பில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை 'ஒருங்கிணைப்பாளர்' பார்வையிடுவார்.

அவர் சின்னப் பெண்தான். என்னைக் கண்டதும் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைப்பாள்.

"இந்த மாசம் எப்படிண்ணா இருக்கு?"

முதல் மாதம் எண்கள் குறைந்திருந்தன. அவள் முகம் வாடிவிட்டது. நல்ல குடும்பத்தில் பிறந்தவன் அதை இரண்டாம் முறை பார்ப்பானா? அடுத்த மாதத்திலிருந்து முப்பது நாள் எண்களையும் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். சந்தேகம் வராதிருக்க நீல மையும் கறுப்பு மையும் மாற்றி மாற்றி.

பக்கத்தில் பங்கேற்பாளர் எட்டு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அதே வேலையாக இருந்தார்.

"கொஞ்சம் ஏத்தி இறக்கிப் போடுங்க சார். அப்பத்தான் இயல்பா இருக்கும்" என்று 'அறிவியல் முறையை'ச் செம்மைப்படுத்தினார்.

வீட்டில் மனைவி நாட்குறிப்பைப் புரட்டினாள்.

"ராத்திரி பூரா உக்காந்தே கிடந்தீங்க. நல்லாத் தூங்கினேன்னு எழுதியிருக்கீங்க?"

"அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படும்."

"அப்ப நான் படுற கஷ்டம்?"

அந்தக் கேள்விக்கு நாட்குறிப்பில் கட்டம் இல்லை.

ஆய்வு நூற்றுக்கு நூறு வெற்றி. கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

மருந்து கடைக்கு வந்தது. போன வாரம் என் தங்கை வந்தாள். இழுப்பு எங்கள் குடும்பச் சொத்து. அவளுக்கும் சரிபாதி உண்டு. மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று ஏறி வந்து, சான்றிதழுக்குக் கீழே நாற்காலியில் சரிந்தாள்.

"எல்லாருக்கும் கேட்ட மருந்தாம்ணா... எனக்கு மட்டும் கேக்கல... என் உடம்புலதான் கோளாறுன்னு டாக்டர் சொல்றார்... பழசை நிறுத்திட்டேன்... நீ குணமான மருந்தாச்சேன்னு..."

அவள் உதடு நீலம் பாரித்தது. சட்டைப்பையிலிருந்து என் பழைய இன்ஹேலரை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினேன். ஒன்று. இரண்டு. நெஞ்சு மெல்ல இறங்கி ஏறியது. தெய்வமே என்று உட்கார்ந்தேன்.

மூச்சு திரும்பியதும் அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்குத்தான் குணமாயிடுச்சே. இது எதுக்குண்ணா உன் பையில?"