மாப்பிள்ளையை ஓட வைத்த சின்னப் பெட்டி

கடையில் இனிமையாகப் பேசுகிற பொருள் வீட்டுக்கு வந்ததும் வேறு குரலில் பேசும். இதைக் கற்றுக்கொள்ள மற்றவர்களுக்கு ஒரு ரேடியோவோ ஒரு கடிகாரமோ போதும். எனக்கு என் அக்காவின் கல்யாணம் தேவைப்பட்டது.

இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. நான் மொரப்பூர் ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தா. அங்கே வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய கார்டு ஒருவர், மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய பழைய கிதாரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். (என் இசை ஆர்வத்தைப் பார்த்துக் கொடுத்தார் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவருடைய சாமான் வண்டியில் இடமில்லை என்பதுதான் உண்மை.) அதை மடியில் கிடத்தி, ஒரு இரும்புத் துண்டால் தந்திகளை வழித்து வழித்து வாசிக்கப் பழகினேன். டோலக் வாசிக்கும் காதர் எனக்கு ஜோடி. அக்கம்பக்கத்துக் காதுகுத்து, கல்யாணம் என்று இருவரும் கிளம்பிவிடுவோம்.

காதரின் டோலக் அரூர் வரைக்கும் கேட்கும். என் கிதார் என் மடி வரைக்கும் கேட்கும். ஒரு காதுகுத்தில் இரண்டு மணி நேரம் விரல் தேய வாசித்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்காரர் வந்து, “டோலக்குத் தம்பி பிரமாதங்க. ஆமா, கூடவே குந்தியிருந்தீங்களே, நீங்க யாருங்க?” என்றார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஒலிபெருக்கி வாங்குவது என்று.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரான பென்னாகரத்தில் என் அக்கா கனகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை இண்டூர்க்காரர், பெயர் செங்கோடன். சொந்தமாக நிலமும் ஜோடிக் காளையும் உள்ளவர். பெண் பார்க்க வந்த அன்று ஒரு வார்த்தையும் பேசாமல் மூன்று தட்டு முறுக்கு தின்றுவிட்டுப் போனவர் என்பதைத் தவிர, அவரைப் பற்றி எங்களுக்கு வேறெதுவும் தெரியாது. அவர் பந்தலுக்குள் காலெடுத்து வைக்கும்போது என் கிதார் ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஊரே அதைக் கேட்டு வாயைப் பிளக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். இரண்டாவது ஆசை அப்படியே நிறைவேறியது.

காதரை இழுத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறினேன். கடை, ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரு சந்து. கடைக்காரர் கன்னடம் கலந்த தமிழில் நல்ல கேள்விகளாகவே கேட்டார்.

“நோடி சாமி, எங்கே வாசிக்கறது? ரூமா, பந்தலா?”

“எல்லா இடத்துலயும்.”

“ஊர்ல கரென்ட் இருக்கா?”

“அதெல்லாம் பாத்துக்கலாம்.” (பென்னாகரத்தில் அப்போது மின்சாரம் கிடையாது. அதை ஒரு பெங்களூர்க்காரரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.)

இரண்டு செட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது. பெட்டி தனி, குழாய் தனி, இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டு வயர். இன்னொன்று சின்னது. கல்யாணப் பெண்ணின் நகைப்பெட்டி அளவுதான் இருக்கும். மேலே தோல் கைப்பிடி, முன்பக்கம் சன்னத் துணிக்குப் பின்னால் ஒலி வருகிற வாய். எல்லாமே அந்த ஒரே பெட்டிக்குள். கரென்ட் இல்லாவிட்டால் லாரி பேட்டரியிலும் ஓடுமாம். அதோடு ஒரு மைக்கும் உண்டு. தந்திகளுக்கு எதிரே அதை நிறுத்திவிட்டால் போதுமாம்.

“பெருசே வாங்கிக்கலாம்டா. குழாயைத் தூரமா மரத்துல கட்டிடலாம்” என்றான் காதர்.

“அதை யாரு பஸ்ல தூக்கறது? இதப் பாரு, ஒத்தக் கையில தூக்கிக்கலாம்!” என்று நான் சின்னதைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் இரண்டு நடை நடந்தும் காட்டினேன். அதைத் தூக்கியபடி ஒவ்வொரு ஊரிலும் பஸ்ஸை விட்டு இறங்குவது போல மனதுக்குள் படமே ஓடிற்று.

கடைக்காரர் வாசிக்கச் சொன்னார். ஒரே ஒரு தந்தியைத் தொட்டேன். அந்தச் சந்துக் கடை அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக டோலக்கை மிஞ்சும் சத்தத்தில் என் கிதார் கேட்டது! அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே இருக்கும் வால்வுகள் சூடேற நேரமாகும், பொறுத்திருக்க வேண்டும் என்றாராம். பெட்டியின் வாய்க்கு எதிரே மைக்கை ஒருபோதும் வைக்கக் கூடாது என்றும் சொன்னாராம். இதெல்லாம் பிற்பாடு காதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது தோல் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று காலை. தருமபுரியிலிருந்து இரவல் வாங்கி வந்த லாரி பேட்டரியோடு பெட்டியை இணைத்தாயிற்று. பந்தலின் ஓரத்தில் எங்களுக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அதில் நான், என் மடியில் கிதார், அதற்கு முன்னால் மைக். பெட்டிக்கு வேறு இடமில்லாததால் அதை என் முதுகுக்குப் பின்னால், சனங்களைப் பார்க்கிற மாதிரி வைத்தேன்.

பிள்ளையார் கோயிலில் இருந்து மாப்பிள்ளை புறப்பட்டுவிட்டார் என்று தகவல் வந்தது. மாவிலையும் பூவும் கட்டிய வில்வண்டியில், தன் சொந்தக் காளைகள் இழுக்க வந்துகொண்டிருந்தார். வண்டியோட்டி மரியாதைக்காகக் கீழே இறங்கி மாட்டுக்கு முன்னால் நடந்தார். நான் ஸ்விட்சைப் போட்டேன். வழித்தேன். சத்தமே இல்லை. சத்தத்தைக் கூட்டும் திருகைக் கொஞ்சம் திருப்பினேன். இல்லை. பாதி திருப்பினேன். அப்போதும் இல்லை. வண்டியோ தெருமுனைக்கு வந்துவிட்டது. பதறிப்போய்த் திருகைக் கடைசி வரை திருப்பி, மைக்கையும் தந்திக்கு ஒட்டி வைத்தேன்.

“கொஞ்சம் பொறுடா!” என்றான் காதர்.

அந்த நொடியில் வால்வுகள் சூடேறின.

அது எப்படிப்பட்ட சத்தம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரயில் இஞ்சினை யாரோ காதைப் பிடித்துத் திருகியது போல ஒரு ஊளை. பெட்டி கத்தியது மைக்கில் புகுந்தது, மைக்கில் புகுந்தது மறுபடி பெட்டி வழியாகக் கத்தியது. நாயனக்காரர் வாசிப்பை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார். காளைகள் பார்க்கவில்லை. வண்டியோட்டியின் கையிலிருந்த கயிற்றை உருவிக்கொண்டு, இருந்த இடத்திலேயே திரும்பி, இண்டூர் ரோட்டில் வால் தூக்கிப் பறந்தன. வண்டிக்குள் மாப்பிள்ளை மட்டும்.

“மாப்ளையப் புடிங்கடா!” என்று அலறினார் அப்பா.

பந்தலில் பாதிப் பேர் ஓடினார்கள். காதர் பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தான். ஊளை நின்றதும் பந்தலுக்குள் வேறொரு சத்தம் ஆரம்பித்தது. வாசலில் இருந்தவர்கள், மாடு மிரண்டு ஓடிற்று என்றார்கள். அது அடுப்படிக்குப் போய்ச் சேரும்போது, மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்று ஆகியிருந்தது.

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கண்ணில் நீர் முட்டி நின்றது.

“ஏண்டா, நெசமாவே மாடுதான் ஓடுச்சா? இல்ல, அவரே ஓட்டிக்கிட்டுப் போய்ட்டாரா?”

“சத்தியமா மாடுதான்க்கா.”

“என்னப் புடிக்காமப் போயிருந்தா?”

மூன்று தட்டு முறுக்கை வைத்து ஒரு மனிதரின் மனதை எப்படிச் சொல்வது?

“நீ போ. அவரோட வா. இல்லன்னா இந்த வூட்டுப் பக்கமே வராத” என்றாள்.

ஓடினேன். தேடிப் போனவர்கள் ஆளுக்கொரு கிளைப்பாதையில் பிரிந்துவிட்டிருந்தார்கள். நான் ரோட்டோடே போனேன். வழி நெடுகச் சிந்திக் கிடந்த மாவிலைதான் எனக்கு வழி சொன்னது. ஊரைத் தாண்டி ஒரு கேழ்வரகுக் கொல்லைக்குள் வண்டி நின்றிருந்தது. காளைகள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் வாயில் கதிர், இன்னொன்றின் வாயில் மாப்பிள்ளையின் மாலை. கொல்லைக்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளன்னா மணவறையில குந்தணும். எங்கூட்டுக் கேவுரு கொல்லையில உனக்கு என்ன வேல?”

செங்கோடன் மாமா பரிதாபமாக என்னைப் பார்த்தார். தலைப்பாகை எங்கேயோ போயிருந்தது. அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான்:

“மச்சான், அது என்ன சத்தம்?”

“பாட்டுங்க மாமா.”

“பாட்டா?”

“இன்னும் ஆரம்பிக்கலீங்க.”

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். பிறகு திடுக்கிட்டு எழுந்தார். “ஐயோ, உங்கக்கா என்னப் பத்தி என்ன நெனைக்கும்?”

காளைகள் பென்னாகரம் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைக்க மறுத்தன. நல்லவேளையாகத் தருமபுரியிலிருந்து ஒகேனக்கலுக்குப் போகிற பஸ் வந்தது. கரி வாயுவில் ஓடும் பஸ், முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு முனகியபடி வந்தது. ஏறினோம். கதையைக் கேட்ட பயணிகள் மாமாவுக்கு இடம் விட்டார்கள், விசிறினார்கள், புத்தி சொன்னார்கள். ஊருக்கு முந்தின மேட்டில் பஸ் மூச்சுத் திணறி, ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. மாமா வெளியே எட்டிப் பார்த்தார்.

“மச்சான், முகூர்த்தம் போயிடும். இதுக்கு நானே தேவல” என்று சொல்லிக் குதித்துவிட்டார்.

அப்புறம் அந்த ரோட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிய மாப்பிள்ளை முன்னால் ஓட, பின்னால் நான் ஓட, எங்களுக்குப் பின்னால் முக்கி முக்கி பஸ் வந்தது. ஜன்னல் தோறும் தலைகள். “விடாதீங்க மாப்ள!” என்று கூவினார் டிரைவர். அடுப்புப் புகையில் மாமாவின் முகம் பாதி கருத்துப் போயிருந்தது.

அக்கா கல்யாணப் பெண் என்பதையும் மறந்து வாசலுக்கே வந்துவிட்டாள். ஓடி வருகிற அவரைப் பார்த்தாள். சாய்ந்த நெற்றிச்சுட்டியைச் சரி செய்துகொண்டாள். அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை, அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவளோடு பழகியும், அந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை.

முகூர்த்தம் தப்பவில்லை. பஸ் பயணிகள் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் ஒகேனக்கலுக்குப் போனார்கள். என் பாட்டு மட்டும் நடக்கவில்லை. பெட்டியின் மேல் அப்பா ஒரு கோணிப்பையைப் போட்டு மூடி, அதற்குமேல் தானே உட்கார்ந்துகொண்டார்.

ஆறு மாதம் கழித்து மாமாதான் என்னை இண்டூருக்கு வரச் சொல்லி, நடுக்கூடத்தில் பெட்டியை வைக்கச் சொன்னார். (காளைகளை முன்னதாகவே பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்.) காதர் சொன்னபடி பொறுத்திருந்து, பெட்டியை முன்னால் தள்ளி வைத்துவிட்டு வாசித்தேன். அந்தக் கூடத்துக்கு அது அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. மாமா கண்ணை மூடிக் கேட்டார். அக்கா அடுப்படி நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்டாள்.

அவர்களுக்குள் சண்டை வந்தால் மாமா பெருமூச்சு விடுவார்: “அன்னிக்கு மாட்டுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே!”

“மாடு நின்ன எடத்துலயே நிக்க வேண்டியதுதானே? பஸ்ஸ வுட்டுக் குதிச்சி ஓடியாந்தது யாராம்?” என்பாள் அக்கா. அதோடு சண்டை முடிந்துவிடும்.

மாமா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. போன தை மாதம் என் பேத்தியின் கல்யாணம். மணவறையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது மைக் திடீரென்று ஊளையிட்டது. மண்டபமே காதைப் பொத்திக்கொண்டது. முன் வரிசையிலிருந்து அக்கா கைத்தடியை உயர்த்திக் கத்தினாள்:

“மாப்ளையப் புடிங்கடா!”

எங்கள் பக்கத்து ஆட்கள் சின்னது பெரியது பார்க்காமல் எழுந்து ஓடிப்போய், ஆளுக்கொரு பக்கமாக மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பத்தில் எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான். புதிதாக வந்த சம்பந்தி வீட்டார் மட்டும், எந்த மாதிரி இடத்தில் பையனைக் கொடுத்துவிட்டோம் என்று முழித்துக்கொண்டிருந்தார்கள்.