இரண்டு சீசா, ஒரே பிள்ளை

பச்சைக் குழந்தையின் சிறுநீரகம் என்ன விலை? சீசா ஞானியிடம் ஐந்நூறு. இரண்டையும் காப்பாற்ற வேண்டுமென்றால் தொள்ளாயிரம். ஜோடிக்குச் சலுகை!

மூத்திரத்தைச் சீசாவில் பிடித்து வந்தால் போதும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நோய் யார் விட்ட சாபம் என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டு மாடிப்படி முழுக்கக் கூட்டம். எல்லோர் கையிலும் மஞ்சள் சீசா. தெரியாதவன் எண்ணெய்க் கடை என்றே நினைப்பான்.

துணிக்கடைக்காரரின் இரண்டு மாதப் பையனுக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். "பிறவியிலேயே சிறுநீர்க் குழாய்க்குள்ள சவ்வு மாதிரி ஒரு தடுப்பு. சிறுநீர் வெளிய போக முடியாம முட்டி, சிறுநீரகம் வீங்குது. அந்தச் சவ்வை இந்த வாரமே வெட்டிவிடணும். யார் தப்பும் இல்ல," என்றார் டாக்டர்.

யார் தப்பும் இல்லையா? குடும்பத்துக்குப் பெரிய ஏமாற்றம். கடைக்காரர் ஞானியிடம் கிளம்பிவிட்டார்.

கூடவே அவருடைய அக்கா. துணி கொள்முதல் அவர் பொறுப்பு. ஒரே துணியில் இரண்டு துண்டு கிழித்து, ஒரே தரகரிடம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டுவார். விலை மாறினால் தரகரை மாற்றுவார்.

பிள்ளையின் தாய் நாளெல்லாம் சேர்த்த அரைச் சீசாவைப் பார்த்து, "ரெண்டாப் பிரிடா," என்றார் அக்கா.

"ஞானியைச் சோதிக்கிறது பாவம்க்கா!"

"உன் பிள்ளையைச் சோதிக்கிறது புண்ணியமா? ஊத்து!"

தம்பியின் சீசாவை ஞானி தூக்கிப் பார்த்தார். "ஆண் குழந்தை. அம்மா வழியில ஒரு கிழவி சாபம். கத்தி படக்கூடாது. நாற்பது நாள் பொறு."

பத்து ஆள் தள்ளி அக்காவின் சீசா. "பெண் குழந்தை. அப்பா வழியில ஒரு குதிரைக்காரன் சாபம்…"

அக்கா இரண்டு சீசாவையும் சேர்த்து வைத்தார். "ரெண்டும் என் தம்பி பையனோடதுதான், ஐயா. பத்து ஆள் தாண்டுறதுக்குள்ள பொண்ணாயிட்டானா?"

"சந்தேகப்பட்டா மூத்திரம் மாறிடும்!"

"அட, மாறும்பா," என்றது வரிசை.

"சரி, கலந்தே தர்றேன். எத்தனை பங்கு கிழவி, எத்தனை பங்கு குதிரைக்காரன்னு பிரிச்சுச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார். சிரிப்பு படிக்குப் படி இறங்கியது. ஞானி தியானத்துக்குப் போனார், பின்வாசல் வழியாக.

"டாக்டர் இருப்பாராக்கா?"

"ஆபரேஷனுக்கு நேத்தே தேதி வாங்கிட்டேன். நட!"

சவ்வு போனது. ஒரு சிறுநீரகம் கொஞ்சம் பழுதுதான். வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும். ஆனால் பையன் அடித்த முதல் மூத்திரம் வில்லாய் வளைந்து டாக்டரின் சட்டையை நனைத்தது.

கணக்கு இதுதான்: பிள்ளை ஒன்று, சாபம் இரண்டு. படியில் நின்ற தலை இருநூறு. யோசித்த தலை ஒன்று. பாக்கி நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதில் உங்களுடையது உண்டா, தடவிப் பாருங்கள்.