பதினேழு காட்டுப்பூனைகள்

தெற்கு டகோட்டாவுல ஒரு மனுஷன் தலைநிமிர்ந்து வாழணும்னா ஒரு பிக்கப் வண்டியும், தன் பேர்ல ஒரு தோட்டாவும் வேணும். ஆர்லன் டிவெட்கிட்ட வண்டி இருந்துச்சு.

கடையில வாங்கின தோட்டாவால சுடுறது அங்க பழைய ஃபேஷன். பெரிய தோட்டாக் கூட்டோட கழுத்தை வீட்டுப் பட்டறையில நசுக்கி, அரிசி மாதிரி ஒரு குண்டைச் செருகணும். அப்படிச் செஞ்சதுக்குப் பேரு 'காட்டுப்பூனை'. அதை வெச்சு ஆயிரம் கஜம் தள்ளி இருக்குற புல்வெளி நாயைச் சுடணும். புல்வெளி நாய்னா நாய் இல்ல. மேய்ச்சல் நிலத்தைத் தோண்டித் தள்ளுற கொழுத்த அணில் அது. கிட்டப் போய்ச் சுடலாமேன்னு கேட்ட ஒருத்தரை ஊர்த் துப்பாக்கிச் சங்கத்துல இருந்தே நீக்கியாச்சு.

சனிக்கிழமை சங்கப் போட்டி. ஆயிரம் கஜத்துல ஒண்ணை வீழ்த்திட்டா 'டிவெட்'ங்கற பேரு தோட்டாப் பதிவேட்டுல ஏறிடும். பக்கத்து வீட்டு வெர்ன் பேரு போன வருஷமே ஏறிடுச்சு. அதைத்தான் ஆர்லனால தாங்க முடியல.

அரசு நிலத்துல சுட அனுமதி வேணும். 'எதைக்கொண்டு வேட்டை?'ன்னு படிவம் கேட்டுச்சு. ஆர்லன் நேர்மையான ஆளு. 'காட்டுப்பூனை, 17. வீட்டிலேயே உருவானது'ன்னு எழுதிட்டான். பதினேழுங்கறது குண்டோட அளவு, அங்குலத்தை நூறாக்கினா அதுல பதினேழு பங்கு.

வனவிலங்கு அலுவலகத்துல மார்லிஸ் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாங்க.

"பதினேழும் வீட்லயே பொறந்ததா?"

"ஐயோ, பதினேழுங்கறது அளவு மேடம்."

"எண்ணிக்கைன்னு சொல்லுங்க. வெறிநோய் ஊசி போட்டாச்சா?"

"அது தோட்டா மேடம்!" பையில இருந்து ஒண்ணை எடுத்து மேசை மேல நிறுத்தினான்.

அம்மா குனிஞ்சு பாத்தாங்க. "இதுல பூனைன்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல..."

"படிவத்துல எழுதியிருக்கு. கீழ உங்க கையெழுத்து. நாயைப் பிடிக்கப் பூனையை விடப்போற முதல் ஆளு நீங்கதான்."

"அது நாயே இல்ல மேடம்!"

"அப்போ அதுவும் பொய்த் தகவல்."

"படிவத்தைக் கிழிச்சிடலாமே?"

"கோப்பு திறந்தாச்சு. மூடணும்னா பூனைங்க செத்திருக்கணும், இல்ல ஓடிப்போயிருக்கணும். செத்துச்சுன்னா உடல் வேணும். பதினேழு."

வெள்ளிக்கிழமை மணி நாலரை. அஞ்சுக்கு அலுவலகம் பூட்டிடும். ஆர்லன் 'ஓடிப்போனது'ல டிக் அடிச்சான்.

மறுநாள் காலையில சங்கமே துப்பாக்கியும் மடக்கு மேசையுமா வந்து இறங்குது. வேலியில ஒரு அறிவிப்பு:

'தப்பியோடிய, இதுவரை அறியப்படாத இனத்தைச் சேர்ந்த 17 காட்டுப்பூனைகளின் நலன் கருதி இப்பகுதியில் சுடுதல் காலவரையின்றித் தடை செய்யப்படுகிறது. மேற்படி இனம், வளர்த்தவர் பெயரால், டிவெட் காட்டுப்பூனை என இதன்மூலம் பதிவு செய்யப்படுகிறது.'

வேலிக்கு அந்தப்பக்கம் புல்வெளி நாய்ங்க பின்னங்கால்ல நின்னு வேடிக்கை பாத்துச்சுங்க.

"டேய் ஆர்லன், என்னடா பண்ணித் தொலைச்ச?"ன்னு கத்தினான் வெர்ன்.

உண்மையைச் சொல்லிடலாம்னு ஆர்லன் வாயைத் திறந்தான். அதுக்குள்ள பின்னாடி ஒருத்தன் தொலைநோக்கியோட, "அதோ! ஆயிரத்து நூறு கஜத்துல ஒண்ணு!"ன்னான். அஞ்சே நிமிஷத்துல ஆளுக்கு ஒரு பூனை தெரிஞ்சுடுச்சு. வெர்ன் விடுவானா? ஆயிரத்து முந்நூறு கஜத்துல குட்டியோடயே பாத்துட்டான்.

மார்லிஸ் அம்மா அலுவலகப் பதிவேட்டோட வந்து, "பாத்தவங்க தூரத்தை எழுதிக் கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க. எல்லாரும் வரிசையில நின்னாங்க. கடைசி ஆளு ஆர்லன். பேனாவை வாங்கினான், வெர்ன் எழுதினதை ஒரு தடவை பாத்தான். அதுக்குக் கீழ நிதானமா எழுதினான்:

'ஆயிரத்து நானூறு கஜம். பதினேழும் ஒண்ணா.'